தாடையின் கீழே ஒரு சிறு சுரப்பி

சோற்றை வாயிலிட்டு மெல்லும்போது அது குழைந்து தொண்டையில் இறங்குவதை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. உமிழ்நீர் வற்றியவருக்கோ ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் வேண்டும். இரவிலே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பற்களும் விரைவிற் சொத்தையாகும். புற்றுநோய்க்காகக் கழுத்திலே சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்றோர் பலர் படும் துன்பம் இது.

நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று சோடி. காதருகே உள்ளவை உண்ணும்போது மிகுதியாகச் சுரப்பன. உண்ணாத வேளையில் வாயை நனைத்து வைப்பதோ பெரும்பாலும் கீழ்த்தாடையின் கீழுள்ள சோடியே.

அச்சுரப்பி எவ்வாறு கத்திக்கு இரையாயிற்று? வாயிலும் தொண்டையிலும் தோன்றும் புற்றுநோய் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் இயல்புடையது. அமெரிக்காவிலே கிளீவ்லாந்து நகர வைத்தியர் ஜோர்ஜ் கிறைல், தாம் கண்ட 132 சத்திரசிகிச்சைகளை ஆதாரமாகக் கொண்டு, அக்கணுக்களைச் சூழவுள்ளவற்றோடு ஒருமிக்க அகற்றும் முறையை 1906ஆம் ஆண்டு வெளியிட்டார். அம்முறை முழுவடிவம் பெற்றபோது கழுத்துத் தசை, பெரிய நாளம், தோளை உயர்த்தும் நரம்பு, தாடைச் சுரப்பி யாவும் பலியாயின. உயிர் பிழைத்தாற் போதும் என்றிருந்த காலம் அது. அவரைக் குறைகூறுதல் முறையன்று. 1963இல் ஆர்ஜென்ரீனாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ், தசையையும் நாளத்தையும் நரம்பையும் விட்டுவைத்தே கணுக்களை அகற்றலாம் எனக் காட்டினார். எனினும் வாய்ப் புற்றுநோயிலே சுரப்பியை எடுத்துவிடும் வழக்கம் நீடித்தது.

இங்கே உடலமைப்பின் விந்தையொன்றைக் கூறவேண்டும். கருவிலே காதருகுச் சுரப்பி பிந்தி உறை பெறுவதால் நிணநீர்க் கணுக்கள் அதனுள்ளே அகப்பட்டுக்கொள்கின்றன. தாடைச் சுரப்பி முந்தி உறை பெறுவதால் கணுக்கள் அதற்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. ஆகவே, அருகிலுள்ள கட்டியோ கணுவோ நேரே பற்றினாலன்றி, புற்றுநோய் அதனுட் புகுவது மிக அரிது. நோய் தொடக்க நிலையில் இருப்பின், கணுக்களை மட்டும் பிரித்தெடுத்து, சுரப்பியை அதன் குருதிக்குழாய்களோடும் கானோடும் காத்துக்கொள்ளலாம் என இன்று சத்திரசிகிச்சை நிபுணர் பலர் கருதுகின்றனர். சுரப்பியை ஒட்டியுள்ள கணு ஏதும் தப்பிவிடுமோ என அஞ்சுவோரும் உளர், அவ்வச்சம் நியாயமானதே. நாக்கின் கீழே தோன்றிய கட்டி சுரப்பியை நெருங்கியிருப்பின் வாதத்துக்கே இடமில்லை, எடுத்தே ஆகவேண்டும்.

விட்டுவைத்த சுரப்பியையும் பின்னர் கதிர்வீச்சுக் கெடுத்துவிடக்கூடும். கனடாவின் எட்மன்டன் நகரில் ஹாடி சீக்கலி, நரேஷ் ஜா என்னும் வைத்தியர் இருவர், தொண்டைப் புற்றுநோயாளரிடத்தே ஒரு பக்கத்துச் சுரப்பியை மோவாயின் கீழே பெயர்த்துவைத்து, அவ்விடத்தைக் கதிரினின்று மறைத்து, வாய் வறளாது காத்தனர்.

ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முதலிடம் பெறும் நம் நாட்டில் இஃது அயலார் கதையன்று. சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிடுமுன், “தாடைச் சுரப்பியை விட்டுவைக்க இடமுண்டா?” என வைத்தியரைக் கேட்பதில் தவறில்லை. இல்லையென்று அவர் கூறின், காரணத்தையும் கேட்டறிதல் நோயாளியின் உரிமையே.