அளவுகோல் மாறினால் ஆண்மை குறையுமா?

விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் "சரியான உருவமுள்ள அணுக்கள் 5 சதவிகிதம்" என்று கண்டதும் பலர் இடிந்துபோகிறார்கள். மீதி 95 என்னவாயிற்று என்ற கவலை!

உலக சுகாதார ஸ்தாபனம் 1987-ல் 50 சதவிகிதம் வேண்டும் என்றது, 1992-ல் 30, 2010-ல் 4 போதும் என்றது. 2021-லும் அதே 4தான்.

ஆண்கள் பலவீனமாகிவிட்டார்கள் என்பதல்ல காரணம். முன்பு சற்றுக் கோணலான அணுவையும் நல்லதென்று சேர்த்தார்கள். இப்போது தலையிலோ வாலிலோ சிறு குறை இருந்தாலும் கழித்துவிடுகிறார்கள். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற தகப்பன்மார்களைச் சோதித்தே அந்த 4 நிர்ணயிக்கப்பட்டது. அவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அதற்குக் கீழேதான்!

ஆகவே, பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுமுன் எந்த அளவுகோல் என்று கேளுங்கள். உருவம் ஒன்றை மட்டும் வைத்து மலடு என்று சொல்ல முடியாது. எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் சேர்த்துப் பார்த்தே டாக்டர் முடிவு செய்வார்.