பூமியின் நிழலுக்கு என்ன நிறம்?

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் நிறம் பார்ப்பது என் வேலை. பாடியின் சிவப்பும் பம்பரின் சிவப்பும் ஒன்றுதானா என்று விளக்கொளியில் நின்று சொல்ல வேண்டும். அந்தப் பழக்கமோ என்னவோ, 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு வந்த முழு சந்திர கிரகணத்திலும் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்தூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் நின்றால் தொழிற்சாலை விளக்குகளில் வானம் வெளிறித் தெரியும். மங்கலான நட்சத்திரங்கள் கண்ணில் படாது. கிரகணத்துக்கு அதனால் குறையொன்றும் இல்லை. சூரிய கிரகணத்தைப் போல இதற்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டாம். நிலாவை வெறுங்கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம்.

இரவு 9.57-க்கு நிலாவின் கிழக்கு ஓரத்தில் நிழல் ஏறத் தொடங்கியது. நிழலின் விளிம்பு வளைந்திருந்தது. அது நாம் நிற்கும் இந்த உருண்டையின் வளைவு. பூமி கோளம் என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. நிலா இருக்கும் தொலைவில் அந்த நிழலின் குறுக்களவு சுமார் 9,000 கிலோமீட்டர். நிலாவின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர்தான். அதனால் முழுதாக உள்ளே போகவே ஒரு மணி நேரம் பிடித்தது. அதன்பின் 82 நிமிடம், நள்ளிரவு தாண்டி 12.22 வரை, வெளியே வரவில்லை.

உள்ளே போன நிலா கறுத்துவிடவில்லை, சிவந்தது. நிழலுக்குள்ளும் கொஞ்சம் வெயில் நுழைகிறது. பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை வளைத்து உள்ளே அனுப்புகிறது. வழியில் நீலம் சிதறிப்போய், சிவப்பே மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் நிலாவில் நின்று பார்த்தால் கறுத்த பூமியைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் தெரியும்: உலகம் முழுவதும் அப்போது நடக்கிற விடியலும் அந்தியும் சேர்ந்த வளையம். மாத்தூர் மாடியில் என் கண்ணுக்கு வந்த சிவப்பு அதுதான். என் வாழ்நாளில் இவ்வளவு அழகான சிவப்பை எந்தத் தகட்டிலும் பார்த்ததில்லை.

முழு மறைவு தொடங்கும்போதும் முடியும்போதும் நிழலின் ஓரத்தில் மெல்லிய நீலச் சாயல் தெரியலாம். உயரத்தில் உள்ள ஓசோன் படலம் சிவப்பைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. இருகண் நோக்கி இருந்தால் அந்தச் சில நிமிடங்களுக்கு எடுத்துவையுங்கள்.

ஒவ்வொரு கிரகணமும் ஒரே ஷேடில் வராது. பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டான்ஜோன் இதற்கு 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 0 என்றால் நிலா ஏறக்குறைய காணாமலே போகும். 4 என்றால் பளிச்சென்ற செம்பு நிறம். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்துக் காற்றின் மேலடுக்கைக் கலங்கடித்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் கிரகணத்தில் நிலா மிகவும் இருண்டு போனது. செப்டம்பர் நிலாவுக்கு நான் 2-க்கும் 3-க்கும் நடுவில் கொடுத்தேன்.

வீட்டுக்கார அம்மா முதலில் வர மறுத்தார். "கிரகணம் விடுறவரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் தம்பி." விரதம் அவர் விருப்பம். "பார்த்தா ஒண்ணும் ஆகாதும்மா, வாங்க" என்றேன். வந்தவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நிமிசத்தோட எப்படிப்பா முன்னாடியே சொல்றாங்க?" என்று கேட்டார்.

அருமையான கேள்வி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், ஜான் வாரன் என்ற படை அதிகாரிக்கு அதைச் செய்தே காட்டினார். தரையில் சோழிகளை வைத்து, சொற்களாக மனப்பாடம் செய்திருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டு, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்து, நினைவை மட்டும் நம்பி, நிலா எப்போது நிழலில் நுழையும் என்பதை அவ்வளவு நெருக்கமாகச் சொல்லியிருக்கிறார். அவர் பெயரை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. வாரன் பிறகு எழுதிய நூல் அந்த முறையை விளக்குகிறது, கணக்கும் அதில் இருக்கிறது.

2028 டிசம்பர் 31 இரவும் நம் ஊரில் முழு கிரகணம் உண்டு. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் நிலா முழுதாக மறையும், பதினொன்று நெருங்கும்போது வெளிவரும். புத்தாண்டுக்கு விழித்திருப்பவர்கள் இரண்டரை மணி நேரம் முன்பே மாடி ஏறிவிடுங்கள். இரவு ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுபவர்கள் நிறுத்தத்தில் நின்றபடியே பார்க்கலாம்.