உங்களுக்குத் தெரியுமா? நாடக மேடையின் கே.பி.எஸ்.

நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சேலை, கையில் கோல். கே.பி. சுந்தராம்பாள் என்றதும் ஔவையார்தான் நம் கண்முன் வருகிறார். ‘ஔவையார்’ படம் 1953-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 44. ஒரு முழு வாழ்க்கையை அதற்கு முன்பே நாடக மேடையில் வாழ்ந்து முடித்திருந்தார். சினிமாவில் நாம் கேட்டு மயங்கிய குரல் மேடை வளர்த்த குரல்.

★ காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர். இனிஷியலில் உள்ள ‘கே’ கொடுமுடி, ‘பி’ தாயார் பாலாம்பாள். ஊரையும் தாயையும் கடைசிவரை பெயரில் சுமந்தவர்.

★ வறுமையால் சிறுவயதில் ரயிலில் பாடிக் காசு பெற்றவர். அப்படிப் பாடியது ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேசய்யர் காதில் விழுந்ததுதான் திருப்பம் என்பார்கள். திருச்சி ரசிக ரஞ்சனி சபாவை உருவாக்கிய இந்த நடேசய்யர்தான் தியாகராஜ பாகவதரையும் சிறுவனாக மேடையேற்றியவர். தமிழ் இசை நாடகம் அந்த ஒரு மனிதரின் காதுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது!

★ வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்த சுந்தராம்பாளின் தொடக்க வேடங்களில் ஒன்று, ‘நல்லதங்காள்’ நாடகத்தில் மூத்த மகன். பசியால் அழுது பாடும் பிள்ளை. பசியை நடிப்பதற்கு அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

★ கம்பெனி நாடகம்போல் அல்லாமல், நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், கோமாளியான பபூன் இன்னோர் ஊர். நாடகம் நடக்கும் ஊருக்கு அவரவர் வந்து சேர்வார்கள், வேஷம் கட்டுவார்கள், மேடையேறுவார்கள். கதையும் பாட்டும் பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்தவை, எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் ‘வள்ளி திருமண’த்தில் வேலனும் வள்ளியும் மோதிக்கொள்ளும் தர்க்கக் காட்சி ஏட்டோடு நிற்காது. எதிராளி எந்த ராகத்தை எடுப்பார், எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது மேடையில்தான் தெரியும். பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு உடனே கொடுக்க வேண்டும். தடுமாறினால் சபை விடாது. விடிய விடிய நடக்கும் இந்தப் பரீட்சையில் நூற்றுக்கணக்கான இரவுகள் நின்றவர் சுந்தராம்பாள். கச்சேரி மேடையில் மட்டும் பாடிய வித்வான்களுக்கு இது கிடைக்காத பயிற்சி என்றே நினைக்கிறேன்.

★ ஒலிபெருக்கி ஊர் ஊராகப் பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் பிசகாமல் கேட்க வேண்டும். சுந்தராம்பாள் பாட்டில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகத் தெறிப்பதற்கு இதுவே காரணம். ‘வெண்கலக் குரல்’ என்று பாராட்டிவிட்டுப் போகிறோம். அந்த உச்சரிப்பையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும்.

★ பெண் வேடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. முருகன் எடுக்கும் வேலன், வேடன், விருத்தன் வேடங்கள் என ராஜபார்ட்டும் கட்டினார். பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் பெண்ணாக நடித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒரு பெண் முருகனாக வந்து வள்ளியிடம் வம்பிழுத்தார்.

★ நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவோடு அவர் ஜோடி சேர்ந்தது தமிழ்நாட்டில் அல்ல, இலங்கையில். 1926-ல் சுந்தராம்பாள் கொழும்பில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தபோது செங்கோட்டைக் கிட்டப்பா அங்கே வந்தார். இருவரில் யார் பாட்டு விஞ்சும் என்று பார்க்கவே கூட்டம் கூடியது. போட்டியாகத் தொடங்கியது காதலானது, 1927-ல் மணந்துகொண்டார்கள். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிரிவும் வந்தது, பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அந்த நாள்களில் கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சாகியுள்ளன. ஏக்கமும் மானமும் சேர்ந்து பேசும் கடிதங்கள் அவை. அவர் பாட்டை விரும்புகிறவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

★ 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நகை இல்லை, எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. இறக்கும்வரை, 1980 வரை, அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஔவையார் கட்டிய வெள்ளைச் சேலையை அவர் வீட்டிலும் கட்டிக்கொண்டிருந்தார்.

★ காதல் காட்சியே இல்லாத வேடம் எது? நந்தனார்! 1935-ல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்றுக் கதாநாயகனாகவே நடித்தார். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சுந்தராம்பாளுக்குப் பேசிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்று நாடே வாய்பிளந்த தொகை. படத்தை விமர்சகர்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் மேடையில் ராஜபார்ட் கட்டிப் பழகியவருக்கு நந்தனார் வேடம் ஒன்றும் புதுமையாக இருந்திருக்காது.

★ புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாட்டு பாடுவது அன்றைய மேடை வழக்கம். சுந்தராம்பாளும் பாடினார், கதர் உடுத்தினார். காந்தியைப் பற்றி அவர் பாடிய இசைத்தட்டு வீடு வீடாக ஒலித்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவரைப் பிரசார மேடைகளுக்கு அழைத்துச் சென்றார். கொடுமுடி வீட்டுக்கு வந்த காந்தி, தமக்குச் சாப்பாடு பரிமாறிய தங்கத் தட்டையும் தேசத்துக்காகக் கேட்டு வாங்கி ஏலம் விட்டார் என்று சொல்லப்படுகிறது.

★ சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார். திரைக் கலைஞர்கள் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே சட்டமன்றப் படியேறிய நாடகக்காரி அவர்.

★ ‘பூம்புகார்’ (1964) படத்தில் கவுந்தியடிகள் வேடம். வசனம் மு. கருணாநிதி. தெய்வம் எங்கே போனது என்று கேட்பதுபோல் வந்த பாட்டு வரியைப் பாட முடியாது என்று சுந்தராம்பாள் சொல்லிவிட்டார். நாத்திகரான கருணாநிதி அவர் மனம் நோகாதபடி வரியை மாற்றிக்கொடுத்தார். இருவருக்கும் பெருமை சேர்க்கும் செய்தி இது.

★ 1969-ல் ‘துணைவன்’ படத்துக்காக அவருக்குக் கிடைத்த தேசிய விருது, சிறந்த ‘பின்னணி’ப் பாடகிக்கானது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஆனால் தமக்குப் பழக்கமான முறையிலேயே, தாமே வேடமிட்டு, தாமே திரையில் முன்னால் வந்து நின்று பாடியிருந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ.