ரிலீஸ் தள்ளிப்போகுமா? முன்கூட்டியே சொல்லிவிடும் ஒரு கோடு!

ஐ.டி-யில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் 'ரிலீஸ்' என்பது சினிமா வார்த்தை மட்டுமல்ல. "இந்த மாசம் ரிலீஸ் இருக்கும்மா, ஊருக்கு வர முடியாது" என்பார்கள். அடுத்த மாதமும் அதே பதில் வரும். சாஃப்ட்வேர் ரிலீஸ் தேதி தள்ளிப்போகும் என்பது கடைசி வாரத்தில்தான் தெரியுமா? இல்லை. பல டீம்களில் அது மாதக்கணக்கில் முன்னதாகவே திரையில் தெரிந்துவிடுகிறது. அந்தப் படத்தின் பெயர், பர்ன்டவுன் சார்ட்.

'ஸ்க்ரம்' என்ற வேலை முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் ஷ்வேபர், 2000-ம் ஆண்டு வாக்கில் இதைப் பிரபலமாக்கினார். கீழே நாள்கள், பக்கவாட்டில் மிச்சமிருக்கும் வேலை. அவ்வளவுதான் படம். எவ்வளவு முடித்தோம் என்பதை இது கேட்பதில்லை, எவ்வளவு பாக்கி என்று மட்டும்தான் கேட்கிறது. மெழுகுவத்தி எரிந்து குறைவதுபோல கோடு கீழே இறங்கி, ரிலீஸ் அன்று பூஜ்யத்தைத் தொட வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு செயலியின் மொத்த வேலை 300 பாயின்ட். இரண்டு வாரம் கொண்ட 'ஸ்பிரின்ட்'கள் 10. அப்படியானால் ஒவ்வொன்றிலும் 30 பாயின்ட் முடிய வேண்டும். 4 ஸ்பிரின்ட் முடிந்ததும் பாக்கி 180 இருக்க வேண்டும். ஆனால் 220 இருக்கிறது. அதாவது, நிஜ வேகம் 20 மட்டுமே. அதே வேகத்தில் போனால் இன்னும் 11 ஸ்பிரின்ட் தேவை. ரிலீஸ் 10 வாரம் தள்ளிப்போகும்! இதைத் தெரிந்துகொள்ள ஆறு ஸ்பிரின்ட் காத்திருக்க வேண்டியதில்லை. வேலையைக் குறைப்பதா, தேதியை மாற்றுவதா என்று இப்போதே பேசிவிடலாம்.

இந்தப் பேச்சு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ ஓர் உதாரணம். வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்கும் ஒரு முயற்சி, சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005-ல் கைவிடப்பட்டது. அடுத்து, 2006-ல் 'சென்டினல்' தொடங்கியது. 2010-ல் பட்ஜெட்டின் பெரும்பகுதி கரைந்திருந்தது. நான்கு கட்டங்களில் முடிந்தது இரண்டுதான். அதன் பிறகு எஃப்.பி.ஐ வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, சிறிய டீமுடன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடிந்ததை எண்ணத் தொடங்கியது. அப்போதும் நினைத்த தேதியில் முடியவில்லை. ஆனாலும், 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. இந்த முறையில் தாமதமே வராது என்பதில்லை. தாமதம் சீக்கிரம் தெரியும், அதுதான் லாபம்.

சரி, கோடு பொய் சொல்லுமா? சொல்லும், நாம் சொல்ல வைத்தால்! "90 சதவிகிதம் முடிஞ்சிருச்சு சார்" என்பதுதான் இதில் பிரபலமான பொய். அந்த மீதி 10 சதவிகிதத்தில்தான் டெஸ்டிங்கும் தலைவலியும் ஒளிந்திருக்கும். அதனால்தான் பாதி முடிந்த வேலைக்கு மதிப்பெண் பூஜ்யம் என்று கறாராக வைத்துக்கொள்கிறார்கள். மேனேஜர் திட்டுவார் என்று பயந்து பாயின்ட்டைக் குறைத்துக் காட்டும் டீமில், கோடு அழகாக இறங்கும். செயலி மட்டும் வெளிவராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. டீம் ராத்திரி பகலாக உழைக்கிறது, கோடு மட்டும் படுத்தே கிடக்கிறது. சோம்பேறித்தனமா? பெரும்பாலும் இல்லை. 20 பாயின்ட் முடித்த அதே இரண்டு வாரத்தில், "இதையும் சேர்த்துடுங்க" என்று வாடிக்கையாளர் புதிதாக 20 பாயின்ட் கொடுத்திருப்பார். பழியோ டீம் மேல் விழும்.

இதற்கு மைக் கோன் என்ற அஜைல் நிபுணர் ஒரு வழி சொன்னார். கோட்டுக்குப் பதில் பட்டைகள். வேலை முடிந்தால் பட்டையின் மேல்முனை இறங்கும். புது வேலை சேர்ந்தால் அடிமுனை பூஜ்யத்துக்குக் கீழே நீளும். டீம் எவ்வளவு முடித்தது, வாடிக்கையாளர் எவ்வளவு சேர்த்தார் என்பது தனித்தனியாகத் தெரிந்துவிடும். மீட்டிங்கில் யாரும் யாரையும் கைகாட்டத் தேவையில்லை, பட்டையைக் காட்டினால் போதும்.