ஒரே கோட்டில் இரு குரல்: பாடற்குழுத் தாளில் வளைவுகள் ஏன் மோதுகின்றன?

நெகாராகூவை நாம் எல்லாரும் ஒரே குரலில்தான் பாடுகிறோம். 1957-இல் தேசிய கீதமான அந்த மெட்டு, பேராக் மாநில கீதத்தின் மெட்டு. ஆனால், அதே பேராக்கில் ஈப்போ தேவாலயப் பாடற்குழுவோ, பழைய தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர்களோ ஒரு பாட்டை இரண்டு குரலில் பாட வேண்டுமென்றால், யார் எதைப் பாடுவது என்று தாளில் தெளிவாக இருக்கணும். அதற்கு மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் உண்டு. அதில் பலருக்குத் தலைவலி தருவது ‘டை’.

டை என்றால் என்ன?

ஒரே சுரத்தை மறுபடி பாடாமல் நீட்டிப் பிடிக்கச் சொல்லும் வளைகோடு. கர்நாடக இசையில் கார்வை என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

ஏன் மோதுகிறது?

இரு குரல்களை ஒரே ஐந்து கோட்டில் எழுதும்போது, மேல்குரலின் வளைவு மேலேயும் கீழ்க்குரலின் வளைவு கீழேயும் போவதே வழக்கம். கீழ்க்குரலின் வளைவு மேலே திரும்பினால், அடுத்த குரலின் சுரத்தில் இடிக்கும். அப்புறம் ஒத்திகையில் ஒருவர் நீட்டுவார்; பக்கத்தில் நிற்பவர் மறுபடி பாடிவிடுவார்.

எப்படிச் சரிசெய்வது?

முதலில் குரல் எண்ணைப் பாருங்கள். இரண்டையும் ‘குரல் 1’-இலேயே எழுதிவிட்டால், மென்பொருள் அதை ஒரே ஆள் வாசிக்கும் கூட்டுச் சுரமாக எடுத்துக்கொள்ளும். கீழ்க்குரலை ‘குரல் 2’-க்கு மாற்றினால், குச்சியும் வளைவும் தானாகவே கீழே திரும்பும்.

அடுத்து, அது டை தானா? டைக்கு ‘டி’ விசை. ‘எஸ்’ விசை தருவது ஸ்லர்; பார்க்க அதே வளைவுதான். ஒலிக்க விட்டுக் கேளுங்கள். சுரம் இரண்டு முறை கேட்டால் அது ஸ்லர்.

மூன்று குரல் இருந்தால்? குரல் 1, 3 இரண்டின் வளைவும் மேலேதான் போகும். மோதல் வரத்தான் செய்யும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘எக்ஸ்’ விசையை அழுத்தினால் திசை மாறும். போதவில்லையா? வளைவின் முனையைப் பிடித்து இழுக்கலாம். அப்படியும் நெருக்கமாக இருந்தால், மூன்றாம் குரலுக்குத் தனி ஐந்து கோடு கொடுப்பதே நல்லது.

கையால் இழுக்கும் வேலையைக் கடைசிக்கு வையுங்கள். வரி அமைப்பு மாறினால் அந்த வளைவுகள் மீண்டும் பொருந்தாமல் போகலாம்.

அச்சடிக்கும் முன், பாட்டை அறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கேதான் திருத்தணும்.