அப்பா வந்த கோச்சி எந்த வேர்ஷன்?



இந்தக் கிழமை எபிசோட்டில் 'புரோட்டோடைப்' என்ற சொல்லை வைத்து நாங்கள் அரை மணித்தியாலம் சண்டை பிடித்ததைக் கேட்டிருப்பீர்கள். அதில் நான் சொல்ல வந்து, நேரமில்லாமல் விட்ட ஒரு கதை இருக்கு. அதை இங்கே எழுதுறன்.

எங்கட தொழிலில் புரோட்டோடைப் என்றால் அரைகுறை. டெமோ காட்டுவதற்கு இரவோடிரவாகக் கட்டிவிட்டு, பிறகு எறிய வேண்டியது. (எறியாமல் அப்படியே புரொடக்ஷனுக்கு அனுப்புகிற ஆக்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.) ஆனால் மாதிரி ரயில் கட்டுகிறவர்களிடம் அதே சொல் தலைகீழ். அவர்களுக்குப் புரோட்டோடைப் என்றால் தண்டவாளத்தில் உண்மையாக ஓடின ரயில். மேசையில் இருக்கிற பிளாஸ்டிக் பெட்டி அதன் நகல். அந்த நகல் அசலோடு எவ்வளவு பொருந்துது என்பதுதான் முழு விளையாட்டும்.

நான் இதுக்குள் விழுந்து இரண்டு வருஷம். காரணம் அப்பா.

அப்பா கனடாவில் முதலில் இறங்கினது வன்கூவரில். அங்கிருந்து ரொறன்ரோவுக்கு ரயிலில் வந்தவர். "தொண்ணூறாம் ஆண்டு பனிக்காலம். மூண்டு நாளுக்கு மேல கோச்சியில இருந்தனான். பான்ஃப் மலையைப் பாத்துக்கொண்டு வந்தனான்." இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பன் என்று கணக்கில்லை. சாட்சிக்கு ஒரே ஒரு படம். வினிபெக் மேடையில் இரவல் கோட்டோடு அப்பா. பின்னால் வெள்ளி நிறப் பெட்டி ஒன்று. அதன் அடியிலிருந்து வெள்ளையாக நீராவி கிளம்புது. கூட வந்த யாரோ எடுத்துக் கொடுத்த படம்.

அவரின்ர அறுபத்தஞ்சாவது பிறந்தநாளுக்கு அந்தப் பெட்டியைச் சின்னதாகக் கட்டிக் கொடுப்பம் என்று நினைச்சன். ஒரு மாதம் போதும் என்று கணக்குப் போட்டன். எங்கட தொழிலில் எஸ்டிமேட் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு ரயில், நாலு வேர்ஷன்

அந்த ரயிலின் பெயர் 'கனேடியன்'. கனேடியன் பசிபிக் நிறுவனம் 1955 ஏப்ரல் 24 அன்று ஓடத் தொடங்கி வைத்தது. பெட்டிகளைக் கட்டினது அமெரிக்காவில், பிலடெல்பியாவின் பட் கம்பெனி. மொத்தம் 173 பெட்டிகள், எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் இருந்து போகிற கோச் 30, 'மேனர்' படுக்கைப் பெட்டி 42, 'ஷாட்டோ' படுக்கைப் பெட்டி 29, கண்ணாடிக் கூரை வைத்த 'ஸ்கைலைன்' 18, சாப்பாட்டுப் பெட்டி 18, சாமான் பெட்டி 18, கடைசியில் வருகிற 'பார்க்' பெட்டி 18. 1978-இல் வியா ரெயில் இவற்றைப் பொறுப்பெடுத்தது. எழுபது வயதைத் தொட்ட பெட்டிகளை ரொறன்ரோ யூனியன் ஸ்டேஷனில் இப்பவும் போய்ப் பார்க்கலாம்.

இந்த ரயில் முழுவதையும் ஹெச்ஓ அளவில், அதாவது உண்மையில் 87-இல் ஒரு பங்காக, ரொறன்ரோ பகுதியின் ரபீடோ ட்ரெயின்ஸ் செய்து விற்றிருக்கு. வேறு கம்பெனிகளின் பழைய மாதிரிகளும் இருக்கு. நான் யாரோ விற்ற பழைய கோச் ஒன்றை வாங்கினன். பெட்டியைத் திறந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்த உடனேயே முதலாவது எரர்: மாதிரியின் இலக்கம் 81 என்று தொடங்கும் நாலு இலக்கம். அப்பாவின் படத்தில் இருப்பது மூன்று இலக்கம்.

தேடிப் பார்த்தால் விஷயம் இதுதான். 1955-இல் இந்தப் பெட்டிகளின் ஜன்னலுக்கு மேலே போகிற பட்டை மெரூன் நிறம். 1968-க்குப் பிறகு 'சிபி ரெயில்' காலத்தில் பளிச்சென்ற சிவப்பு. வியாவிடம் வந்ததும் நீலப் பட்டையில் மஞ்சள் எழுத்து. அதுவரைக்கும் பெட்டிகளைச் சூடாக்கினது நீராவி. முன்னுக்கு இருக்கிற நீராவி ஜெனரேட்டரிலிருந்து குழாய் வழியாகப் பெட்டிக்குப் பெட்டி போகும். 1990-களின் தொடக்கத்தில் வியா அதைக் கைவிட்டு, இன்ஜினிலிருந்து 480 வோல்ட் மின்சாரம் எடுக்கிற முறைக்கு மாற்றினது. மாற்றின பெட்டிகளின் இலக்கத்துக்கு முன்னால் ஒரு 8 சேர்ந்தது. 100 முதல் 129 வரை இருந்த கோச்சுகள் 8100 வரிசையாகின.

அதாவது அந்த 8 ஒரு வேர்ஷன் நம்பர். 'கனேடியன் ரயிலின் கோச்' என்று பொதுவாக ஒன்றைக் கட்டவே ஏலாது. எந்த ஆண்டு, எந்த மாதம் என்று சொன்னால்தான் கட்டலாம்.

கூட்டுவது எல்லாம் திருத்தம் இல்லை

புதுசாக இதுக்குள் வருகிறவர்கள் விடுகிற பிழை, நுணுக்கம் கூடக் கூட உண்மை கூடும் என்று நினைப்பது. நானும் விட்டன். ரயில் பெட்டி என்றால் ஆணித்தலை வரிசை இருக்கும்தானே என்று, ஆணித்தலை ஒட்டுவதற்கான தாள் வாங்கி வைத்தன். பிறகுதான் தெரிந்தது, பட் கம்பெனியின்ர பெருமையே ஆணி அடிக்காததுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சாதாரணமாக வெல்டிங் பண்ணினால், சூடு பட்ட இடத்தில் துருவைத் தடுக்கிற குணம் குறைந்துவிடும். அதனால் 1930-களில் அவர்கள் 'ஷொட்வெல்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். மிகக் குறைந்த நேரம், கூடின மின்னோட்டம், புள்ளி புள்ளியாக ஒட்டு. அந்தத் தாளை ஒட்டியிருந்தால் பெட்டி வடிவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பொய்.

துருவும் அப்படித்தான். பழசு காட்டுவதற்கு உடம்பில் துரு பூசுவார்கள். இந்தப் பெட்டியின் உடம்பு துருப்பிடிக்காது. துருவும் பிரேக் தூசியும் சக்கரப் பகுதிக்கு, கரிப்புகை கூரைக்கு, சேறு கீழ் விளிம்புக்கு. அவ்வளவுதான்.

மற்றபடி நான் செய்தது இவை:

அளவு: உண்மைப் பெட்டி 85 அடி. ஹெச்ஓவில் அது கிட்டத்தட்ட 297 மில்லிமீட்டர் வரவேண்டும். சில பழைய மாதிரிகள் வளைவில் திரும்புவதற்காகக் கட்டையாகச் செய்யப்பட்டவை. வாங்க முதல் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

சக்கரம்: பயணிகள் பெட்டிக்கு 36 அங்குலச் சக்கரம், அதாவது 10.5 மில்லிமீட்டர். என்னுடையதில் சாமான் வண்டிக்குப் போடுகிற 33 அங்குலச் சக்கரம் கிடந்தது. மாற்றினதும் பெட்டி நிற்கிற விதமே மாறிப்போச்சு.

எடை: அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கு. ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். இந்தப் பெட்டிக்கு 194 கிராம் அளவில் வரும். அதைவிடக் குறைந்தால் வளைவில் தடம் புரளும்.

நீராவிக் குழாய்: மின்சாரக் கேபிள்களை வெட்டி எடுத்துவிட்டு, குழாய் முனைகளை ரெசின் பிரிண்டரில் எடுத்தன். ஒரு படை 0.05 மில்லிமீட்டர். உண்மை அளவில் அது 4 மில்லிமீட்டர் சொச்சம், கண்ணுக்குத் தெரியாது. கைபிடிகளுக்கு 0.3 மில்லிமீட்டர் கம்பி.

எழுத்து: சாதாரண இங்க்ஜெட்டில் வெள்ளை மை இல்லை. கண்ணாடித் தாளில் அடித்த மஞ்சள் எழுத்தை நீலத்துக்கு மேல் ஒட்டினால் காணாமல் போகும். அதனால் வெள்ளை டெகல் தாளில் நீலப் பட்டையையும் மஞ்சள் எழுத்தையும் சேர்த்தே அடித்தன்.

வெளிச்சம்: தண்டவாளத்திலிருந்து வருகிற மின்சாரம் ஒவ்வொரு தூசிக்கும் விட்டு விட்டு வரும். ஒரு ரெக்டிஃபயரும் கெப்பாசிட்டரும் போட்டால் எல்ஈடி மினுங்காது. மஞ்சள் கலந்த வெள்ளை எடுங்கள். நீலம் கலந்ததைப் போட்டால் போன் கடை மாதிரி இருக்கும்.

பிழை யாருடையது?

இதெல்லாம் போய்க்கொண்டிருக்க, ஒரு இடத்தில் கணக்கு இடித்தது. 1990 ஜனவரி 15-இல் அரசாங்கம் ரயில் சேவைகளைப் பாதிக்குப் பாதி வெட்டினபோது, கனேடியனின் பாதையும் மாறினது. அதுவரை கல்கரி, பான்ஃப் வழி. அதுக்குப் பிறகு எட்மன்டன், ஜாஸ்பர் வழி. அப்படியென்றால் 90-இல் வந்த அப்பா எப்படிப் பான்ஃபைக் கண்டிருப்பார்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னன். "அப்பா, உங்களுக்கு மாறிப்போச்சு. ஒண்டில் ஆண்டு பிழை, இல்லாட்டி மலை பிழை."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"விசாரணையிலயும் இப்பிடித்தான் கேட்டவை. திகதி பொருந்தேல்லை எண்டு. அப்ப எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இப்ப நீ தமிழில கேக்கிறாய்."

மேசையில் யாரும் கதைக்கவில்லை.

இங்கே பிறந்த எங்களுக்கு இது விளங்காது. அகதி விசாரணையில் அவர்களிடம் இருந்தது தங்கட கதை மட்டும்தான். ஒரு திகதி முன்னுக்குப் பின் வந்தால் முழுக் கதையும் சந்தேகத்துக்குள் போகும். அப்பாவுக்கு அது நடந்திருக்கு. அதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. நான் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்காக அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டிருக்கிறன்.

அடுத்த நாள் அம்மா அலுமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் பேணியை இறக்கினா. அதுக்குள்தான் எங்கட வீட்டுப் பத்திரங்கள் எல்லாம். அடியில் ரயில் ரிக்கெற்றின் கிழிந்த துண்டு. 1990 ஜனவரி 8.

ஒரு கிழமை. பழைய பாதையில் ரயில் ஓடின கடைசிக் கிழமை அது. ஆண்டும் சரி, மலையும் சரி, பனிக்காலமும் சரி. பிழை என்னுடையது. அப்பா தந்தது ஆண்டு, என்னிடம் இருந்தது திகதி. 1990 என்றதை 'ஜனவரி 15-க்குப் பிறகு' என்று நானே எடுத்துக்கொண்டு, அவரைத் திருத்தப் போயிருக்கிறன். வேலையில் யாராவது இப்படி இரண்டு டேட்டாவை ஒப்பிட்டிருந்தால் கோட் ரிவியூவில் கிழித்திருப்பன்.

பெட்டிக்கு அடியில் ஒரு கொமென்ட்

ஒரு விஷயம் கடைசிவரை தெரியவில்லை. படத்தில் பெட்டியின் இலக்கம் '10' வரைக்கும்தான் தெரியுது. மூன்றாவதை நீராவி மூடிப்போட்டுது. 100 முதல் 109 வரை பத்தில் ஒன்று. அப்பாவைக் கேட்டால், "எனக்கென்னண்டு தெரியும்? குளிருக்க நம்பரோ பாத்தனான்?"

நான் 104 என்று போட்டன். பெட்டியின் அடித்தட்டில் ஒரு சின்னத் தாள் ஒட்டினன்: 'திகதி, ரிக்கெற்றில் இருந்து. நீராவியும் முதல் இரண்டு இலக்கமும் படத்தில் இருந்து. பான்ஃப், அப்பா சொன்னது. கடைசி இலக்கம் என் ஊகம்.' பிறகு யாராவது இதைக் கையில் எடுத்தால், எதை நம்பலாம், எது நான் போட்டது என்று தெரியவேண்டும்.

பிறந்தநாள் எப்பவோ முடிஞ்சுது. போன மாதம்தான் பெட்டியைக் கையில் கொடுத்தன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு தம்பி. ஆனா ஜன்னல் இவ்வளவு துப்புரவில்லை. உள்பக்கம் ஐஸ் பிடிச்சிருந்தது. நான் கையால சுரண்டிச் சுரண்டித்தான் மலையைப் பாத்தனான்."

எந்தப் படத்திலும், எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல். வருகிற சனிக்கிழமை ஜன்னல்களின் உள்பக்கம் மங்கல் வார்னிஷ் பூசப் போறன். ஒரே ஒரு ஜன்னலில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் துடைத்து விடுவன். எந்த ஜன்னல் என்று அப்பா பக்கத்தில் இருந்து சொல்லுவார். தாளிலும் ஒரு வரி கூடும்.

உங்கட வீட்டிலும் ஒரு பிஸ்கட் பேணி இருக்கும். திறந்து பாருங்கள். கேள்வி கேட்க முதல், உங்கட கணக்கை இன்னொருக்கால் சரிபாருங்கள்.

அடுத்த கிழமை சந்திப்பம்.