வெட்சிக்கு ஆகாதது சுண்ணாம்பு

வெட்சி, தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட புதர்ச்செடி. காப்பியும் மஞ்சணத்தியும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. தெருவில் விசாரித்தால் ‘இட்லிப்பூ’ என்பார்கள், நர்சரியில் ‘இக்சோரா’. கேரளத்தில் தெச்சி, சிங்களத்தில் ரத்மல். பகைவரின் ஆநிரையைக் கவரப் புறப்படும் வீரர் சூடிய பூ இதுதான். தொல்காப்பியம் புறத்திணைகளில் முதலாவதாக வைப்பதும் இதன் பெயரைத்தான். இத்தனை பழைய உறவு இருந்தும், இன்று பெரும்பாலான வீடுகளில் இது சுற்றுச்சுவர் ஓரத்தில், மஞ்சள் பாய்ந்த இலைகளோடு, கத்தரி போட்டுச் சதுரமாக்கிய வேலியாகவே நிற்கிறது.

செடி வாங்கும்போதே கவனம் வேண்டும். இக்சோரா என்ற பெயரில் சீன இனமும், கலப்பினங்களும், அதிகம் உயராத குட்டை ரகங்களும் ஒன்றாகவே விற்கப்படுகின்றன. நாட்டு வெட்சியின் இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். இலையின் அடிப்பகுதி தண்டை ஒட்டி அமர்ந்திருக்கும். பூவின் நான்கு இதழ்களும் கூர் நுனியுள்ளவை. இதழ் நுனி உருண்டையாக இருந்தால் அது பெரும்பாலும் சீன இனம். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நாட்டு வெட்சியிலும் மஞ்சள், இளஞ்சிவப்புப் பூக்கும் வகைகள் வந்துவிட்டன.

பூவின் குழல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம். தேன் அதன் அடியில் இருப்பதால் தேனீயின் நாக்குக்கு எட்டாது. நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய பட்டாம்பூச்சிகளுக்கே அது கிடைக்கும். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியும் அதன் உறவினங்களும் வெட்சியைச் சுற்றி வருவதற்குக் காரணம் இதுவே. மொட்டு விரியும் முன்பே மகரந்தம் சூல்தண்டின் மீது ஒட்டிவிடுகிறது. பூ மலர்ந்ததும் அந்தத் தண்டு வெளியே நீட்டி நின்று, தேன் குடிக்க வரும் பூச்சியின் மேல் மகரந்தத்தைத் தடவுகிறது. சூல்முடி விரிவது அதன் பிறகுதான்.

வளர்ப்பில் முக்கால் பங்கு மண்ணைப் பொறுத்தது. வெட்சிக்குச் சற்றே புளிப்பான மண் வேண்டும். கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. கேரளத்தின் செம்புரை மண்ணில் இது கேட்பாரின்றிச் செழிப்பதன் காரணம் அதுவே. தமிழ்நாட்டுச் சமவெளியில் பல இடங்களில் மண் காரமானது, ஆழ்துளைக் கிணற்று நீரோ சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு இருந்தும் பயனில்லை. கரையாத வடிவில் இறுகிவிடுவதால் வேரால் அதை எடுக்க முடியாது. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறி மஞ்சளாவது இரும்புப் பற்றாக்குறையின் அடையாளம். முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் காரணம் வேறு. அநேகமாகத் தழைச்சத்துக் குறைவு.

சுவர் ஓரம் இதற்கு மோசமான இடம். கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமென்ட், காரைத் துண்டுகள் அங்கே மண்ணோடு கலந்து கிடக்கும். போதாததற்கு வெள்ளையடித்த சுண்ணாம்பும் மழையில் வழிந்து இறங்கும். அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு ஆகியவற்றை எல்லாச் செடிக்கும் உரமாகப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வெட்சிக்கு இரண்டுமே கேடு.

இரும்புப் பற்றாக்குறைக்கு உடனடி மருந்து, இரும்பு கலந்த அன்னபேதி உப்பு. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளிக்க வேண்டும். உப்பு வெளிர்பச்சையாக இருக்கும்போதே வாங்க வேண்டும்; பழுப்பேறியது பயன் தராது. தரை ஓடுகளில் பட்டால் துருக்கறை படியும். புதுத்தளிர் வெளிறினால் பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்கலாம். இது தற்காலிகத் தீர்வுதான். நிலைத்த மாற்றம் வர, தொழுவுரமும் மட்கிய இலையும் தொடர்ந்து சேர வேண்டும். மழைநீரைப் பிடித்து ஊற்ற வசதி இருந்தால் அதற்கு ஈடில்லை.

நடுவதற்கு ஒன்றரை அடிக் குழி போதும். செம்மண், மணல், தொழுவுரம் கலந்து நிரப்பி, மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் தேவை. நிழலில் இலை பளபளக்கும், பூ இருக்காது. முதல் ஆண்டு மண் காயாமல் பார்த்துக்கொண்டால், பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை நீர் விட்டாலே தாங்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். வளர்ச்சி மெதுவானது; ஆள் உயரம் எட்டச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

வெட்சி பூப்பது கிளை நுனியில். மாதம்தோறும் மேற்பரப்பைச் சமமாக வெட்டுகிறவர்கள், வரவிருக்கும் மொட்டுகளைத்தான் வெட்டி எறிகிறார்கள். கட்டை போன்ற அந்தப் பச்சைச் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூ எட்டிப் பார்க்கும். ஒரு பூப்பு ஓய்ந்ததும், வாடிய கொத்துக்குக் கீழே ஒன்றிரண்டு கணு விட்டுக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வந்து அடுத்த முறை கொத்துகள் கூடும். பலமான கவாத்தை ஆண்டுக்கு ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளலாம். வேலிதான் வேண்டும் என்றால் இரண்டு, மூன்று அடி இடைவெளியில் நட்டு, வடிவம் கொஞ்சம் பிசகினால் பரவாயில்லை என்று விடுவது நல்லது.

பூச்சிகளில் மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி மூன்றும் வரும். இவை கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து இலை கறுக்கும். எறும்பு வரிசையாக ஏறினாலே செடியைப் புரட்டிப் பார்த்துவிட வேண்டும். தொடக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி போய்விடும். மிஞ்சியதற்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கலாம்.

புதுச்செடி உண்டாக்க, பச்சையும் முற்றலும் இல்லாத நடுத்தரக் கிளையிலிருந்து அரை அடிக் குச்சி வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈர மணலில் நிழலில் ஊன்ற வேண்டும். வேர் பிடிக்க ஒன்று, இரண்டு மாதம் ஆகலாம். இதைவிடப் பதியன் நம்பகமானது: தாழ்ந்த கிளையை வளைத்து, பட்டையைச் சற்றுக் கீறி மண்ணில் புதைத்து மேலே கல் வைத்தால், தாய்ச்செடியின் தயவிலேயே வேர் விடும். விதையிலும் முளைக்கும். பட்டாணி அளவுப் பழம் சிவந்து, பிறகு கருஞ்சிவப்பாகும்போது பறித்து, சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். பழம் உண்ணத் தகுந்தது, கொண்டைக்குருவிகள் முந்திக்கொள்ளும்.